எழுத்தறியாத பாட்டுப் பெட்டி

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் தூறல். மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டு நனைந்துவிட்டது. மேலே தார்ப்பாய் போட்டேன்.

முதியோர் வகுப்பில் சாந்தி டீச்சர் சொன்ன வரிசை: முதலில் நாள், பிறகு வானம், பிறகு வேலை, கடைசியில் மனசில் இருப்பது. மூன்று முடிந்தது.

மனசில் இருப்பது பாட்டுப் பெட்டி.

வீட்டுக்காரி தெய்வானைக்கு வாய் அடைத்துத் தை வந்தால் ஒரு வருஷம். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னது: பேச முடியாத சிலருக்குப் பாட வரும், பாட்டிலிருந்து பேச்சைப் பிடித்து இழுத்துவிடலாம், தினமும் பாட்டுப் போடுங்கள். மகன் திருப்பூரிலிருந்து இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பினான். உள்ளங்கை அகலம். ஐந்து பொத்தான், சின்னத் திரை. 'பழைய பாடல்கள் ஆயிரம்' என்று அட்டையில். அட்டையை நானே படித்தேன். ஒருவரையும் கேட்கவில்லை.

ஆயிரத்தில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அவள் வாய் திறக்கிறாள். சினிமாப் பாட்டு இல்லை. யாரோ ஒரு அம்மா ஆர்மோனியத்தோடு பாடியது. ஆற்றைப் பற்றி. 'கரையோரம்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரு சொல்லைத் தெய்வானை கூடவே பாடுவாள். முழுதாக. நேற்றும் பாடினாள்.

தெய்வானை என்று எழுத நேரமாகிறது. 'னை' கோணிக்கொண்டு போகிறது. இனி தெ.


ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. வெயில் வருவதும் மூடுவதுமாக. தட்டு காயவில்லை.

பெட்டியின் குறைகள்:

நிறுத்திவிட்டுப் போட்டால் விட்ட இடம் மறந்துவிடும்.

அடுத்த பாட்டுக்குப் பொத்தான் அழுத்தினால், நேற்று அடுத்து வந்தது இன்று அடுத்து வராது.

சத்தம் கூட்டினால் அணைந்துவிடும்.

தெ.வின் பாட்டில் 'கரையோரம்' வரும்போது சிக்கிக்கொண்டு ரை ரை ரை ரை என்று அடிக்கும். முதலில் எப்போதாவது. இப்போது அடிக்கடி. முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் மேலே போகும்.

திரையில் பாட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் நான் படிக்காத எழுத்து.

கடைசியில் சொன்னது பெட்டியின் குறை இல்லை, என்னுடையது. எல்லா எழுத்தும் வந்துவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். இது வரவில்லையே. சதுரமாக இருக்கிறது. வரிசையாக நாலு, சில பாட்டுக்கு ஏழு. உள்ளே ஒன்றும் இல்லை. ஆய்த எழுத்துப் போல அபூர்வமானதாக இருக்கும்.

பெயர் படிக்க முடிந்தால் அவள் பாட்டை நேராக எடுத்துவிடலாம். முடியாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். பாட்டு வருவதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள். இத்தனை வயதில் படித்து என்ன பயன் என்று இருக்கிறது.

'அபூர்வம்' என்று தப்பில்லாமல் எழுதிவிட்டேன்.


ஐப்பசி 6, வியாழன்

பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வகுப்பு. வழியெல்லாம் சேறு.

சதுரங்களை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். டீச்சரிடம் நீட்டினேன்.

"இது என்ன எழுத்துங்க டீச்சர்? இத மட்டும் சொல்லிக்குடுக்காம உட்டுப்போட்டீங்களே."

டீச்சர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க அப்பாரு, சன்னலுக்குப் படம் போட்டிருக்கீங்களா?"

பக்கத்து பெஞ்சு சரசாள் எட்டிப் பார்த்து, "கோழிக் கூண்டுங்க டீச்சர்" என்றாள்.

மடியிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டினேன். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்பாரு, இது எழுத்தே இல்லீங்க. இந்தப் பொட்டிக்குத் தமிழ் தெரியாதுங்க. தெரியாத எழுத்து வந்தா அந்த எடத்துல ஒரு கட்டம் போட்டு உட்டுரும்."

"அப்ப இதும் கைநாட்டுங்களா?"

"சுத்தக் கைநாட்டுங்க."

வீடு வரும் வரை சந்தோஷம். குறை என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால் பாவமாகிவிட்டது. கோயமுத்தூர் கணபதியில் இரும்பு வார்க்கிற பவுண்டரி வேலைக்குப் போன காலம் முழுக்க எனக்கும் பஸ் போர்டில் கட்டம்தான் தெரிந்தது. பஸ்ஸின் நிறம் பார்த்து, கண்டக்டர் முகம் பார்த்து ஏறுவேன். தப்பான பஸ்ஸில் ஏறிச் சத்தியமங்கலம் வரைக்கும் போயிருக்கிறேன். இந்தப் பெட்டியும் அப்படித்தான் எங்கெங்கோ போய் இறங்குகிறது.

பாவப்பட்டு என்ன? இன்றும் தெ. பாட்டு வரும் முன் தூங்கிவிட்டாள்.


ஐப்பசி 9, ஞாயிறு

பலத்த மழை. வேலை இல்லை. கரண்டும் இல்லை.

இதை எழுதக் கை வரவில்லை. டீச்சர் சொல்லியிருக்கிறார், வராததைத்தான் எழுத வேண்டும் என்று.

பெட்டியில் சார்ஜ் தீர்ந்து கிடந்தது. தெ. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டே இல்லாமல் தானாக வாய் திறந்தாள். ராகம் வந்தது. நான் சத்தம் போட்டு மருமகளைக் கூப்பிட்டேன். கோகிலா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

க என்றாள். ரை என்றாள்.

ரை ரை ரை ரை. நிற்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ரை ரை ரை. நான் எழுந்து போய் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அவள் நிறுத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர். கோகிலா அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அத்தை பொட்டிகிட்டப் படிச்சிருக்காங்க மாமா. அது பாடற மாதிரியேதான் பாடறாங்க. இப்படியே உட்டா இதே நெலச்சுப்போகும். நாளைக்கே டவுனுக்குக் கொண்டுபோய்ச் செரி பண்ணிப்போட்டு வாங்க."


ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டது. அன்னூர் போய் பஸ். போர்டு படித்து ஏறினேன். கோயமுத்தூர் வரை வழியில் தெரிந்த போர்டையெல்லாம் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வாய் விட்டுப் படித்துவிட்டேன் போல.

உக்கடம் பக்கம் கடை. சாதிக் பாய் என்று ஒருவர் பழுதுகளைப் பார்க்கிறார். எனக்கு முன்னால் இதே பெட்டியோடு இரண்டு பேர்.

கொடுமுடிப் பக்கத்துக் கோயில்காரர்: "காத்தால அபிசேகத்துக்குச் சாமி பாட்டுப் போட்டா இது குத்துப்பாட்டுப் போடுதுங்க பாய். பூசாரி மணியோட ஆடாத கொறைதானுங்க."

தாராபுரத்துப் பெண்: "எங்குளுது சத்தமே கொறைய மாட்டீங்குது. தெருவே எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிக்குதுங்க. எங்க மாமியா மட்டுந்தான் சந்தோசமா இருக்கறாங்க. அவுங்களுக்குக் காது மந்தம்."

"ஒரு பொட்டிக்கு ஒரு கொணமுங்க" என்றார் பாய். "வந்த சரக்கே அப்படி. உங்குளுது என்னுங்க அய்யா?"

"பாடும்போது சிக்கிக்குதுங்க. இப்ப ஊட்டுக்காரியும் கூடவே சிக்கிக்கறா."

விஷயம் முழுக்கச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில்காரர் நகர்ந்து நின்று, "பெரியவரு மொதல்ல பாத்துட்டுப் போகட்டுமுங்க" என்றார்.

பாய் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். ஒரு காகிதம் வைத்தார். "கைநாட்டுங்களா, கையெழுத்துங்களா?"

"கையெழுத்து" என்றேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க அய்யா."

ரா. ஆறுமுகம். வெளியிடத்தில் போட்ட முதல் கையெழுத்து. நிதானமாகப் போட்டேன். தாராபுரத்துப் பெண்: "காடு கிரயம் பண்றீங்களா அய்யா? மெதுவாப் போடுங்க, நாங்க ஊருக்குப் போய்ட்டு நாளைக்கு வாரோம்." எல்லாரும் சிரித்தோம். 'று' அச்சு மாதிரி வந்தது.

சந்தோஷத்தோடு வீடு வந்தேன். பெட்டி சரியாகி வந்துவிடும். தெ.விடம் சொன்னேன். தலையாட்டினாள்.


ஐப்பசி 14, வெள்ளி

மேகம். மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்கிறது, வடித்துவிட்டேன்.

தெ. வாய் திறக்கவில்லை. பெட்டி இருந்த அலமாரியைப் பார்க்கிறாள். நான் "வந்துரும் அம்மணி" என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். மறுபடி அலமாரி.


ஐப்பசி 19, புதன்

வெயில். கடையிலிருந்து போன் வந்து போனேன்.

பாய் புதுப் பெட்டி கொடுத்தார். வேறு நிறம், பெரிய திரை. பொத்தானை அழுத்தினேன். திரையில் தமிழ்! நல்ல கொட்டை எழுத்து. நின்ற இடத்திலேயே ஏழெட்டுப் பெயர் படித்தேன். இந்தப் பெட்டி படித்த பெட்டி.

"எம்பட பாட்டு எங்கீங்க இருக்குது?"

பாய் தேடினார். வெகு நேரம் தேடினார். "இதுல பாட்டு வேறங்க அய்யா. கம்பெனி மாத்திப்போட்டாங்க."

"அப்ப பழசையே குடுத்துருங்க. சிக்குனாச் சிக்கீட்டுப் போகுது."

"அது வராதுங்களே. ஒடச்சுருப்பாங்க. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?" என்று காகிதத்தை எடுத்துக் காட்டினார். அவருக்கும் சங்கடம்தான். தலை குனிந்தே காட்டினார்.

படித்தேன். 'பழைய கருவி திருப்பித் தரப்பட மாட்டாது. மாற்றுக் கருவியில் அதே பாடல்கள் இருக்கும் என்று உறுதி இல்லை.' அதன் கீழே என் பெயர்.

ஒரு இடத்திலும் தடுக்காமல் படித்தேன். பத்து நாள் முன்னால் படித்திருக்க வேண்டியது.

கைநாட்டாக இருந்த காலத்தில் எந்தக் காகிதத்தையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரல் வைப்பேன். எழுத்து வந்ததும் கேட்பதை விட்டுவிட்டேன்.

தெய்வானை. தெய்வானை. இன்று சுருக்கி எழுத மனசு வரவில்லை.


ஐப்பசி 20, வியாழன்

வானம் பார்க்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை.

கோகிலா போனில் தேடினாள். "கரையோரம்னு போட்டா நூறு வருதுங்க மாமா. மொத வரி என்னுங்க?" எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்தவள் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினோம். எல்லாம் சினிமா. தெ. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு தடவையாச்சும் போன்ல புடிச்சு வெச்சிருக்கலாம்" என்று கோகிலா அழுதாள். எனக்கும் தோன்றவில்லையே. பெட்டி இருக்கும் என்று இருந்துவிட்டோம்.


ஐப்பசி 22, சனி

தூறல்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. பாய் 'கரையோரம்' என்ற பெயரில்தான் தேடினார். பாட்டு வேறு பெயரில் உள்ளே இருக்கலாம். பெயர் கேட்டால் தெ.வுக்குத் தெரியும். கட்டில் பக்கம் நாற்காலி போட்டு ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வருகிறது. "இதுவா அம்மணி?" அவள் இல்லை என்று தலையாட்டுவாள். அடுத்தது.

இன்று 'அ'வும் 'ஆ'வும் முழுக்க. ஒன்றும் இல்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.


ஐப்பசி 24, திங்கள்

மழை. தட்டு பூசணம் பிடித்துவிட்டது. போகட்டும்.

'க' வரிசை முழுக்கப் படித்தேன். கரை என்று தொடங்குவது மூன்று. மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். மூன்றையும் போட்டும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

கோகிலா: "மாமா, தொண்டை கட்டிப்போச்சு உங்குளுக்கு. போதுமுங்க."

இன்னும் ச, த, ந, ப, ம, வ இருக்கின்றன.


ஐப்பசி 26, புதன்

'வை'யோடு பெயர்கள் தீர்ந்தன. இல்லை.

தெ.விடம் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு அடுத்த பெயருக்குக் காத்திருந்தாள். எப்படிச் சொல்ல? திரையைப் பார்ப்பது போல் பார்த்து நானாக ஒரு பெயர் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினாள். இன்னொன்று சொன்னேன்.


ஐப்பசி 28, வெள்ளி

நேற்று இரவு பெய்து காலையில் விட்டது. வேலை செய்யவில்லை.

இரண்டு நாளாக இல்லாத பாட்டுகளின் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'சத்தி பஸ்ஸு வந்தாச்சு'. 'மஞ்சக் காட்டுல தண்ணி'. 'கோகிலா வெச்ச ரசம்'. திணறித் திணறிச் சொல்கிறேன், உண்மையில் படிப்பது போல. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டுகிறாள். வீட்டில் இப்போது இது ஒன்றுதான் நடக்கிறது. நிறுத்தினால் அவள் திரும்பிவிடுவாள். பிறகு ஒன்றும் இல்லை.

மத்தியானம் கோகிலா வாசலில் வந்து நின்றாள். "சாப்பிட வாங்க மாமா. சோறு ஆறுது."

"வாரேன் கண்ணு. இன்னும் நெறையாப் பேரு பாக்கி கெடக்குது."

அப்போது தெய்வானை சொன்னாள். பாட்டாக இல்லை. ராகம் இல்லாமல், பழைய குரலில், ஒரு சொல்.

கோகிலாவும் கேட்டாள். "மறுக்காச் சொல்லு அம்மணி" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அத்தை, ஒருக்காச் சொல்லுங்க அத்தை" என்று அவளும். வாய் மூடிக்கொண்டது. எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை.

கோகிலா 'பொய்' என்று கேட்டதாகச் சொல்கிறாள். எனக்கு 'போய்' என்று கேட்டது. பெயர்கள் தீர்ந்தது அவளுக்குத் தெரிந்துபோயிருந்தால் ஒற்றைக் கொம்பு. போய்ச் சாப்பிடு என்று சொல்ல வந்து பாதியில் நின்றிருந்தால் இரட்டைக் கொம்பு. இரண்டையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பொய். போய்.

எதை அடிப்பது என்று தெரியவில்லை. கட்டிலில் இந்தப் பக்கமாகத்தான் திரும்பிப் படுத்திருக்கிறாள், விழித்திருக்கிறாள். அடுத்த பெயர் யோசிக்க வேண்டும்.