நீ வாசிக்காத காகிதம்

ஜூன் 3

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் பாப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது. நீ ஆராதனைக்கு வரவே இல்லை. வீட்டுக்கு வந்தாலும் கதவைத் திறப்பதில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

இந்த ஞாயிறு ஆளுகிறவர்கள், போதகர்கள், ஜனங்கள் என்று மூவரின் கடமையைப் பற்றியும் பிரசங்கம் செய்கிறேன். நகரசபைத் தலைவரும் வருகிறார். மனம் நொந்து போயிருக்கிறார், அக்கா. அவரை மன்னித்தேன் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால், பிள்ளைகளை இழந்த மற்ற வீடுகளும் ஆறும். பழிவாங்குவது நம் வேலை இல்லையே.

உன் தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். வேலைக்கும் போகிறேன். இன்றும் தண்ணீர் சோதனைக் கூடத்தில் பதினெட்டு பாட்டில் பார்த்தேன்.

மேல்நிலைத் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கிறது என்று நான் கொடுத்த அறிக்கையைத் தலைவர் இழுப்பறைக்குள் போட்டார். "தேர்தல் முடியட்டும்மா, ஊரைக் கிளப்பாதே" என்றார். பிரதியோடு உன்னிடம் ஓடி வந்தேன். "சபையில வாசிக்கிறேன்க்கா, நீ நிம்மதியா டூட்டிக்குப் போ" என்றாய். வீட்டில் ஒவ்வொரு சொட்டையும் கொதிக்க வைத்தேன். கோயில் குழாயை நீ அடைத்திருப்பாய் என்று நம்பித்தான் பாப்பாவை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினேன். அந்தக் குழாயில்தான் குடித்தாள்.

ஏன் வாசிக்கவில்லை? மழுப்பாமல் எழுது. நேரில் வராதே, எழுது. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அக்கா

ஜூன் 6

அக்கா,

அன்று ஆராதனைக்கு முன்பு தலைவர் என் அறைக்கு வந்தார். உன் பிரதி மேஜையில் கிடந்தது. "இதைப் படிச்சா ஊர் பத்திக்கும் போதகரே. நாளைக்கே தொட்டியைக் கழுவிடறோம்" என்றார். நம்பினேன். இல்லை, அதுவும் பொய், பயந்தேன். புதுக் கோயில் கட்ட அனுமதி அவர் கையில் இருந்தது. காகிதத்தை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் குழாயடியில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாப்பா என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

இது நம் இருவருக்குள் இருக்கட்டும். பீடத்தில் சொன்னால் சபை சிதறிவிடும்.

உன் தம்பி

ஜூன் 11

போதகர் அவர்களுக்கு,

சொன்னபடி வந்தேன். ஆளுகிறவரின் கடமையை அவருக்கு நோகாமல் தடவிக்கொடுத்தீர்கள். அடங்கி நடக்கவும் மன்னிக்கவும் ஜனங்களுக்கு அரை மணி நேரம். போதகரின் கடமை வந்ததும் கண்ணாடியைத் துடைத்தீர்கள். "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று முடித்துவிட்டீர்கள். வாசலில் தலைவர் கையை நீட்டினார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. நீங்கள் வாய் திறந்திருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன். நேற்று அதை, பிள்ளைகளின் சாவை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். "இது அவர் எழுத்துதானா?" என்று கேட்டார்.

"என் தம்பி எழுத்துங்க. நான்தான் கையைப் பிடிச்சு எழுதப் பழக்குனேன்" என்றேன்.

உங்களையும் தலைவரையும் ஒரே நாளில் விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

எனக்காக ஜெபிக்க வேண்டாம்.

பாப்பாவின் அம்மா