மேலே போக முடியாத ஐகான்

இன்று என் பழைய கணினியைக் கழற்றி எடுத்துப்போக ஆள் வந்திருந்தார். திரையில் இருந்த ஐகான்களைக் காட்டி, எதெல்லாம் புதியதில் வேண்டும் என்று கேட்டார். 'மாதிரிப் பத்திரம்' என்று நீ பெயர் வைத்திருந்த மஞ்சள் ஐகான் மேல் வலது சொடுக்கு கொடுத்துப் பண்புகளைத் திறந்தார். இலக்கு என்ற கட்டத்தில் ஒரு வரி இருந்தது.

explorer.exe /e,/root,D:\Pathiram\Model

"யாரோ வெவரமா பூட்டிருக்காங்கக்கா. இதுல தொறந்தா இந்த ஒரு ஃபோல்டர்தான் தெரியும். மேல ஏற முடியாது," என்றார்.

நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. அந்த வரியைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். என் சந்தேகம் சரிதான் என்று தோன்றியது.

பத்திரம் எழுதும் இந்த ஒற்றை அறையில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். பழைய பத்திரங்கள் எல்லாம் என் கணினியில்தான் இருந்தன. ஆனால் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் என் திரையில் 'மை கம்ப்யூட்டர்' இல்லை. அந்த இடத்தில் இந்த மஞ்சள் ஐகான். திறந்தால் மாதிரிகள் மட்டும். மேலே போகும் அம்புக்குறி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. உன் கணினியில் அது பச்சையாக இருந்ததை எட்டிப் பார்த்துக்கொண்டேன். கேட்டதற்கு நீ தலையைத் திருப்பாமல் சொன்னாய்: "ஏட்டி, மேல போய் என்னத்த பாக்கப் போற? ஒனக்கு வேண்டியது எல்லாம் அங்கனயே இருக்குல்லா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எம்.ஏ. படித்தவள் ஒரு அம்புக்குறிக்காகக் கெஞ்ச வேண்டுமா என்ற எண்ணம். கேட்காததால் கவனிக்கத் தொடங்கினேன். நான் சாப்பிட்டுத் திரும்பும் நேரத்தில் என் நாற்காலியில் இருந்து நீ எழுந்துகொண்டிருப்பாய். திரையில் எதையோ மூடியிருப்பாய். இருக்கை சூடாக இருக்கும். ஒரு தடவை, சும்மா, என்னவென்று விசாரித்தேன். ஃபேன் காற்று இங்கேதான் நன்றாக வருகிறது என்றாய். நான் நம்பவில்லை. முதலாளி அண்ணாச்சியிடம் காட்ட என்னைப் பற்றி ஏதோ சேர்த்துவைக்கிறாய் என்றே நினைத்தேன். வீட்டில் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

இதற்கெல்லாம் ஒரு மாதம் முன்னால்தான் அந்த வாய்க்கால் விவகாரம். நம் இருவருக்கும் ஒரே பழக்கம்தான், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்: பழைய பத்திரத்தைத் திறந்து, பெயர்களையும் எல்லைகளையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்பது. கரிவலத்து நஞ்சைப் பத்திரம் ஒன்றைத் திறந்து, மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் புஞ்சை ஒன்றுக்கு அதன் மேலேயே அடித்திருந்தோம். வடக்கு எல்லையை மாற்ற விட்டுப்போனது. பழைய பெயரிலேயே சேமித்ததில் கரிவலத்துப் பத்திரமும் போயிற்று. பதிவுக்கு முன்னால் படித்துப் பார்த்த வாங்குகிறவர் அறை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார்: "ஏ அண்ணாச்சி, எங்க காட்டுக்கு வடக்க வாய்க்கா ஓடுதுன்னு எழுதிருக்கீய. தண்ணி எப்பம் தொறந்து விடுவீய?"

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சியைத் தவிர. முகூர்த்தக் கூட்டம், அன்றைக்கு ஒருத்தி எழுந்தால் மற்றவள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தோம். யார் அடித்தாலும் பத்திரத்தின் கடைசியில் தட்டச்சு செய்தவர் என்று உன் பெயர்தான் வரும், மூத்தவள் என்பதால். அண்ணாச்சி உன்னைத்தான் திட்டினார். நீ குனிந்து கேட்டுக்கொண்டாய். உன் தவறாக இல்லாவிட்டால் ஏன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். பின்னொரு நாள் சின்னச் சண்டையில் அதை எடுத்து உன் மேல் எறிந்தேன்: "வாய்க்கா வெட்டினவதான நீ." "ஆமா, நான்தான். இப்பம் அதுக்கென்ன?" என்றாய். எனக்கு வெற்றியாக இருந்தது.

இன்று மேலே போனேன். அந்த வரியில் இருந்து /root என்பதைக் கணினி ஆள் எடுத்ததும் அம்புக்குறி உயிர் பெற்றது. மேலே பழைய பத்திரங்கள், அதன்பின் ஒன்றின் மேலும் நான் அடித்து அழிக்க முடியாதபடி பத்திரமாக. அவற்றின் நடுவே என் பெயரில் ஒரு ஃபோல்டர். சரியாகப் பிடித்துவிட்டேன் என்ற நிம்மதிதான் வந்தது. உள்ளே நான் அடித்த பத்திரங்களின் நகல்கள். நான் தவறவிட்ட இடமெல்லாம் மஞ்சள் பூசி, பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தாய். எல்லாம் மதியம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் சேமித்தவை. பத்திரங்கள் பதிவுக்குப் போனபோது ஒன்றில்கூட அந்தத் தவறுகள் இருந்ததில்லை. அதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

ஒன்றில் மட்டும் மஞ்சள் இல்லை. வாய்க்கால் பத்திரம். திறக்காமலே நகலெடுத்திருக்கிறாய், கடைசியாகச் சேமித்த நேரம் மாறவில்லை. காலை ஒன்பதே கால். உன் கரிவலம் பஸ் ஒருநாளும் பத்து மணிக்கு முன்னால் வந்ததில்லை.

அடித்தது நான்தான் என்று உனக்கு அப்போதே தெரியும்.

ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னைக் காப்பாற்றத்தான் என்றால் அந்தக் கோப்பை ஏன் அழிக்கவில்லை? ஒருநாள் தேவைப்படும் என்று வைத்திருந்தாயா? நான் எறிந்த சொல்லுக்குப் பதிலாக இதைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. சாயங்காலம் வரை இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ நல்லவள் என்று முடித்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதையும் நம்ப முடியவில்லை.

"அந்த ஃபோல்டர அழிச்சிரட்டுமாக்கா?" என்று கணினி ஆள் கேட்டார். வேண்டாம் என்றேன். புதிய விண்டோஸில் உன் பூட்டு முன்போல் நிற்காதாம். வேறொன்று உண்டா என்று கேட்டு, /select என்ற சொல்லைப் போட்டு ஒரு ஐகான் செய்துகொண்டேன். திறந்தால் அந்த ஃபோல்டர் வரும். வாய்க்கால் பத்திரம் மட்டும் தேர்ந்தெடுத்தபடி நீலமாக நிற்கும்.

நாளை முதல் அதைத் திறந்து ஒன்பதே காலைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவேன். முதல் எழுத்தை மாற்றுவதற்கு முன் வேறு பெயரில் சேமிப்பேன். மதியம் ஒன்றரைக்கு உன் நாற்காலியை இழுத்து என் மேசையில் போட்டு, காலையில் நான் அடித்ததை வேறு எவளோ அடித்ததுபோல வரிவரியாகச் சந்தேகப்பட்டுப் படிப்பேன்.