மல்வேர்ன் வீட்டை விக்கப் போகினம்

என்ரை கறுவல்,

ஆக்களுக்கு முன்னாலை ஒருநாளும் உங்களை இப்பிடிக் கூப்பிட்டதில்லை. இப்ப பேப்பரிலை போட்டுக் கூப்பிடுறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் போய் ஒரு வருசம். பேப்பர்காரத் தம்பி உங்கடை படத்துக்குக் கீழை நாலு வசனம் எழுதித் தரட்டோ எண்டு கேட்டார். நானே எழுதுறன் எண்டிட்டன். ஐஞ்சாம் வகுப்போடை நிண்டவளுக்குப் பிழை வரும். நீங்கள் விளங்கிக் கொள்ளுவியள்.

எங்கடை மெரீனா இதை வாசிக்க மாட்டாள். ஆறு வயசிலை இந்த ஸ்நோ நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை. தமிழ் கதைப்பாள், எழுத்துத் தெரியாது. அந்தத் துணிவிலைதான் எழுதுறன். தெரிஞ்ச சனம் ஆரும் வாசிச்சால் அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

நாங்கள் இருக்கிற மல்வேர்ன் வீட்டை விக்கப் போகினம். வாற சனிக்கிழமை ஏஜன்ற் வந்து முன்பக்கம் 'வீடு விற்பனைக்கு' எண்டு பலகை நடுவாராம். மருமோன் அந்தோனியோவும் அவளும் போர்த்துக்கலிலை வீடு பாத்திட்டினம். ஏவோரா எண்டு அவன்ரை தாய் தேப்பன்ரை ஊர். ராசாக்கள் காலத்து ஊராம், சுத்திவர மதில். படம் காட்டினவள். வெள்ளைச் சுவர், கீழை மஞ்சள் பட்டி, ஒரு கார் போகவே கஸ்டப்படுற ஒழுங்கை. பின்னுக்கு ஒரு தோடை மரம் செம்மஞ்சளாய்ப் பழுத்துக்கொண்டு நிக்குது. "இது உங்கடை அறை, அம்மா" எண்டு ஒரு யன்னலைத் தொட்டுக் காட்டினாள். அந்த யன்னலுக்கு நேரை மதில்.

வடிவான வீடுதான். பொய் சொல்லக் கூடாது.

மெரீனாவின்ரை கலியாணத்தண்டு உங்கடை சிநேகிதர் யோசேப்பு அண்ணை சொன்னது ஞாபகமோ? "அந்த நாளிலை போர்த்துக்கேயன் கப்பலிலை வந்து எங்களை வேதத்திலை சேர்த்தான். இப்ப காரிலை வந்து பெட்டையைக் கொண்டு போறான்." நீங்கள் விடேல்லை. "ஆர் கொண்டு போறது? எங்கடை வழக்கத்திலை மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. உவன் என்ரை பேஸ்மன்ற்றிலைதான் கிடக்கப் போறான்" எண்டியள். மேசையிலை இருந்த எல்லாரும் சிரிச்சினம்.

எனக்குத் தெரியும், அது பகிடியில்லை. மாப்பிள்ளை பகுதி சீதனம் கேக்கேல்லை. சீதனமெண்டால் என்னெண்டே அவைக்குத் தெரியாது. எண்டாலும் ரண்டு வேலை செய்து எடுத்த வீட்டை அவளின்ரை பேரிலை எழுதினியள். "வீடு அவளின்ரை எண்டால் பிறகு எங்கை போவாள்? சாகுமட்டும் எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழைதான்." அதை எனக்கு மட்டும் சொன்னியள். எனக்கும் சரியாத்தான் பட்டுது. என்ரை அம்மாவும் சீதன வீடு தந்துதானே என்னைப் பக்கத்திலை வச்சிருந்தவ. ஊரிலை சீதன வீட்டை விக்கிறதெண்டால் ஊரே கூடிக் கதைக்கும். இஞ்சை ஒரு பலகை காணும்.

"அப்பா தந்திருக்காட்டி இப்பிடி ஒரு வீட்டை நாங்கள் நினைச்சும் பாக்கேலாது. அப்பா இருந்தால் சந்தோசப்படுவார், என்னம்மா?" எண்டாள் மெரீனா. நான் ஓம் எண்டன்.

கெட்ட பிள்ளையில்லை. போன ஞாயிறு பூசை முடிஞ்சு வரேக்கை காரை ஓரமா நிப்பாட்டிப்போட்டுக் கேட்டவள். "உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நாங்கள் விக்கேல்லை. ஒரு சொல்லுச் சொன்னால் காணும்." "நேரம் போகுது, காரை எடு பிள்ளை" எண்டன்.

சொன்னால் நிப்பாள். பிறகு ஸ்நோ கொட்டுற ஒவ்வொரு முறையும், உவவாலைதான் இஞ்சை கிடக்கிறம் எண்டு அந்தோனியோ என்ரை முகத்தைப் பாப்பான். ஏன் வேண்டாம் எண்டு அவள் கேப்பாள். தேப்பன் அன்பிலை தந்த வீடு, தன்னைக் கட்டிப்போட எடுத்த கயிறெண்டு விளங்கிப்போடும். சொல்லாட்டில் நான் அந்த மதிலுக்குள்ளை. அங்கத்தைப் பாசையிலையும் தின்னுற பாணுக்குப் பாண்தானாம், மேசையும் யன்னலும் தங்கடை பாசையிலையிருந்து எங்களுக்கு வந்த சொல்லுத்தானாம், அந்தோனியோ சொல்லிச் சிரிக்கிறான். மூண்டு சொல்லோடை நான் எத்தினை வருசம் இருக்கிறது? சேமக்காலையிலை உங்கடை கல்லறைக்கு ஆர் பூ வைப்பினம்? மில்லிக்கனிலை இருக்கிற என்ரை தம்பி, "வாங்கோ அக்கா, கீழை அறை இருக்கு" எண்டுறான். அவன்ரை பெண்சாதி ஒண்டும் சொல்லேல்லை.

எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு பூட்டித்தான் கிடக்குது, பிள்ளையின்ரை அப்பா.

சனிக்கிழமை பலகை நடேக்கை நான் வாசல்லை நிப்பன். வாய் திறக்க மாட்டன். நீங்கள் எனக்கு மட்டும் சொன்னது என்ரை வாயாலை அவளுக்குப் போகாது. பிள்ளைக்கு நீங்கள் சும்மா தந்ததாகவே இருக்கட்டும். இது சத்தியம்.

ஒண்டு மட்டும் கேக்கிறன். வீட்டை அவளின்ரை பேரிலை எழுத லோயரிட்டைக் கையெழுத்து வச்சிட்டு வந்த அண்டைக்கு நீங்கள் கன நேரம் இறங்காமல் காருக்குள்ளையே இருந்தியள். நான் குசினிக்குள்ளை நிண்டு பாத்தனான். பிறகு வந்து தேத்தண்ணி குடிச்சியள். கண் சிவந்திருந்தது. நான் கேக்கேல்லை. அவள் போயிடுவாள் எண்டு அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதோ?

உங்கடை மனுசி,
மெரீனாவின்ரை அம்மா பிலோமினா