பட்டன் டப்பாவில் இருந்த கார்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தையல் மெஷின் மூவரும் சுகம், மூவரில் மெஷின்தான் சத்தம் போடாமல் ஓடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ விளக்க ஆரம்பித்தால் நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே போவேன், வைத்த பிறகு எது சரி என்று எனக்கே தெரியாது. எழுதினால் என் குழப்பமாவது ஒரே இடத்தில் இருக்கும்.

விஷயம் நம் கடை. அறையின் சொந்தக்காரர் அதை விற்கப்போகிறார். இருபத்திரண்டு வருஷமாக வாடகை கொடுப்பவன் என்பதால் என்னை முதலில் கேட்டார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வாங்கி நடுச்சுவரை இடித்துவிடுவார். பாதிப் பணம் கையில் இருக்கிறது, மீதியை பேங்க்கில் கடனாகக் கேட்கலாம் என்று போன வாரம் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். கடன் பிரிவில் இருந்த அம்மணி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்க ஸ்கோர் அறுநூத்திப் பன்னெண்டுங்க ஐயா என்றார். நான் ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நாற்பதைத் தாண்டாதவனுக்கு அறுநூறு என்றால் எப்படி இருக்கும் நீயே சொல். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, கடனை ஒழுங்காக் கட்டுறீங்களான்னு போடற மார்க் இது, தொள்ளாயிரத்துக்கு, எழுநூத்தம்பதாவது இருந்தாதான் கடன் என்றார். அப்புறம், உங்க பேர்ல கிரெடிட் கார்டு ஆறு இருக்கே, தெரியுமா என்றார்.

தெரியும்தான். போன வருஷம் எதிர்க் கட்டடத்தில் பேங்க் கார்டுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று வந்தது, அங்கே வேலை பார்ப்பவர்கள் பேன்ட் தைக்க நம்மிடம்தான் வருவார்கள். அளவெடுக்கும்போது ஒவ்வொருவரும், அண்ணே இந்த மாசம் ஒண்ணு குறையுது, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, முதல் வருஷம் இலவசம் என்பார்கள். ஒரு மனிதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று கேட்டால் எப்படி மறுப்பது. இரண்டே மாதத்தில் ஐந்து பேர், ஐந்து பேங்க், ஐந்து கார்டு. சத்தியமாகச் சொல்கிறேன், அவற்றை வைத்து ஒரு ஊசிகூட வாங்கவில்லை. பின்னே என்ன செய்தேன் என்பதை மாப்பிள்ளைக்குச் சொல்லாதே. சட்டைக் காலர் முனையை மடித்து விரலால் அழுத்த அட்டையில் அச்சு வெட்டி வைப்பேன் அல்லவா, அது நாலு நாளில் நைந்துபோகும். கார்டு அப்படியில்லை, கத்தரி போட்டால் முனை கத்தி மாதிரி நிற்கிறது, சட்டையெல்லாம் விறைப்பாக வந்தது, வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள், நானும் பேங்க்குகளை மனதார வாழ்த்தினேன். கூடவே வந்துகொண்டிருந்த கவர்களைப் பிரிக்காமல் பின்பக்கத்தில் அளவு எழுதிக்கொண்டேன், நல்ல காகிதம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் மாமா, அதான் காரணம் மச்சான், கார்டு எண்ணிக்கை ஏற ஏற ஸ்கோர் இறங்கும், ஆறையும் மூடச்சொல்லி எழுதிக் கொடுத்துட்டு வாங்க என்றார். நானும் ஆறு கடிதம் எழுதினேன். காலர்த் துண்டுகளை ஒட்டவைத்து ஐந்து நம்பரை எடுத்துவிட்டேன், முன்பே வாங்கிய ஆறாவது கார்டை எங்கே தேடியும் காணோம். அம்மாவைக் கேட்டால், எனக்கென்ன தெரியும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பட்டன் துளைக்குக் காஜா எடுத்தாள். நம்பர் இடத்தைக் காலியாக விட்டு, கவர்களையும் கட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன்.

அம்மணி கடிதங்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கவர்களைப் பிரித்தார். மார்பு நாற்பது, கை இருபத்துமூன்று என்று எழுதியிருந்த கவருக்குள் இரண்டாம் வருஷக் கட்டணம் ஐந்நூறு, அதைக் கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. இன்னொன்றிலும் அதே கதை. ஏழு மாதமாக நான் பாக்கிக்காரன், யாரிடமும் கைநீட்டாதவன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன். அப்போ கார்டு நிறைய வெச்சிருக்கறது தப்புங்களா என்றேன். அதுல தப்பில்லைங்க ஐயா என்றார். அப்போ நல்லதா என்றேன். அப்படியும் சொல்ல முடியாது என்றார். ரெண்டே மாதத்தில் ஐந்து பேங்க்கில் கேட்டதால், இவருக்கு என்ன அவ்வளவு பணமுடை என்று தோன்றுமாம், அது கொஞ்சம் இறக்கியதாம். கட்டணம் கட்டாததுதான் பெரிய அடியாம். ஆனால் நிறைய கார்டு இருந்து கொஞ்சமாகச் செலவு செய்தால் ஏறுமாம். நாலு மீட்டர் துணி கொடுத்தால் ஒன்றரை மீட்டரில் சட்டையை முடிக்கிற தையல்காரன் மாதிரியா என்று கேட்டேன், அவர் சிரித்து, கிட்டத்தட்ட என்றார். அப்படியென்றால் துணியைத் தொடவே தொடாத நான் இன்னும் நல்ல தையல்காரன்தானே? அந்த இடத்தில் எனக்கு மறுபடி புரியாமல் போய்விட்டது, உனக்குப் புரிந்தால் எழுது.

கடைசியாக அவர் திரையில் ஒன்றைக் காட்டி, இந்தப் பழைய கார்டுதான் உங்களைக் கொஞ்சமாவது தாங்கிப் பிடிக்குது, பதினோரு வருஷம், ஒரு தவணைகூடத் தவறலை, வருஷக் கட்டணமும் கிடையாது, இதை மட்டும் மூடிடாதீங்க, எதுக்கு வாங்கினீங்க என்றார். நீ படிக்கப் போனபோது விமான டிக்கெட்டுக்காக வாங்கியது அம்மாடி, பதினான்கு மாதம் கட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். பட்டன்களுக்கு அடியில் அந்தக் கார்டு, ஒரு கீறல் இல்லை. புள்ள போன டிக்கெட்டு இது, இதையும் காலராக்கப் பாத்தீங்கல்ல என்று ஒரு பிடி பிடித்தாள்.

பாக்கியை அன்றே கட்டிவிட்டேன். நாலு மாதம் ஒழுங்காகப் போகட்டும், திரும்ப வாருங்கள், பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் அம்மணி. கடையின் சொந்தக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, என் இடுப்பளவு ஏறுறது உமக்கு மட்டும்தான்யா தெரியும், இன்னொரு தையல்காரன்கிட்ட போய் அதைச் சொல்லணுமா, நாலு மாசம் பொறுக்கறேன், அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்லை என்றார். நீ பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. இது என் பரீட்சை, எழுதிப் பார்க்கிறேன்.

நீயும் ஏழெட்டு கார்டு வைத்திருப்பதாகச் சொன்னாய். எண்ணிக்கையைப் பற்றி நான் பேச மாட்டேன், எனக்கு அது தெரியாது. தூங்குகிற கார்டு ஏதாவது கட்டணம் கேட்கிறதா என்று மட்டும் பார், கவர் வந்தால் பிரி. இருவரும் நிறைவாக, நோய்நொடி இல்லாமல், நீண்ட நாள் வாழ அம்மாவும் நானும் மனதார ஆசி கூறுகிறோம். பழைய கார்டில் மாதம் ஏதாவது சின்னதாக வாங்கி உடனே கட்டச் சொல்லியிருக்கிறார்கள். என்ன வாங்குவது என்று இரண்டு நாள் குழம்பினோம். நாளை இந்தக் கடிதத்தை அனுப்பும் செலவை அதில் போடலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், உன்னிடம் வரும் வழி அதற்குத் தெரியுமாம்.

ஆறு கார்டுக்காரன்,
உன் அப்பா