பொனெட்டுக்குள் ஒரு நீலப் போத்தல்

ஜூன் 8, ஞாயிறு

காருக்குக் கீழே பச்சையாக ஈரம். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தாங்கி வெடித்திருக்கிறது. சூட்டில் வழிகிற கூலன்டை, எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தப் பச்சைத் திரவத்தை, வாங்கி வைத்து, ஆறியதும் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. அது இல்லாமல் மலைப்பாதை ஏற முடியாது.

சனிக்கிழமை ஏறவேண்டும். பிரசன்னாவின் அப்பா அம்மாவை த பேசின் என்ற மலையூரின் பிள்ளையாரிடம் கூட்டிப்போவது நான். அவர்கள் மதுரையிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. அவர்களுக்கு நான் 'ஃப்ரெண்ட்'. அர்ச்சனை முடிந்ததும் பிரசன்னா எங்கள் கல்யாணப் பேச்சை எடுக்கிறானாம். "சாமி முன்னாடி அப்பா கத்தமாட்டார், வினு." இரண்டு வருடமாக அப்பா கத்தாத இடம் தேடுகிறான்.

ஆறு மாதமாக என்னோடு இந்த வீட்டில் இருப்பவன், இப்போது நண்பன் பிரதீப்குமாரின் ஃப்ளாட்டில் அப்பா அம்மாவுடன். அங்கேயே வசிப்பதாக நடிப்பு. தேயிலை எங்கே என்று தெரியாமல் அம்மா முன்னால் எல்லா அலுமாரியையும் திறந்தானாம்.

ஜூன் 9, திங்கள்

பொது விடுமுறை. உதிரிப்பாகக் கடை பூட்டு. திறந்தாலும் என் பழைய காருக்கு அங்கே தாங்கி கிடைக்காது, இணையத்தில் வாங்கினால் இரண்டு வாரம்.

"டாக்ஸில போயிடலாமே," என்றான் பிரசன்னா போனில்.

"பிறகு பேச்சை எடுக்காமலிருக்க வேற சாட்டு சொல்லுவீர். நான்தான் கார் ஓடுவன்."

என்னை 'நீர்' என்று கூப்பிடாதே, நாடகத்தில் ராஜா பேசுவது மாதிரி இருக்கிறது என்றான். பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரன்.

தாங்கியை நானே செய்வேன்.

ஜூன் 10, செவ்வாய்

குளியலறையில் காலியாக நின்ற தேங்காய் எண்ணெய்ப் போத்தல். நீலம். அவனுடையது — எல்லாவற்றையும் பெட்டியில் கட்டியவன் இதை விட்டுவிட்டான். குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் குழாய், அடிவரை: நுனி கூலன்டுக்குள் மூழ்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது காற்றைத்தான் உறிஞ்சும். மற்றது காற்றுப் போக. உடுப்பு மாட்டும் கம்பியை வளைத்துப் போத்தலைப் பொனெட்டுக்குள் கட்டினேன்.

படம் அனுப்பினேன். "தலைக்கும் கொஞ்சம் தேய்ச்சுவிடு," என்று பதில்.

பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு பற்றி எழுதித் தள்ளினேன். ஒழுகாத எதையும் செய்ததில்லை. இது முதல்.

ஜூன் 11

மலையடிவாரத்து ஃபெர்ன்ட்ரீ கல்லி வரை ஓட்டிப் பார்த்தேன். கூலன்ட் வழிந்தது, ஆறியது, திரும்பிப் போனது. மூச்சு விடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

பயம் காருக்காக இல்லை. நாளைக்கும் அவன் சொல்லாவிட்டால்? இன்னொரு கோயில் பார்ப்பானா? நான் காத்திருப்பேனா?

மாட்டேன். எழுதிவிட்டேன்.

ஜூன் 14, சனி

நல்ல குளிர். காலையில் பிரதீப்குமாரின் ஃப்ளாட் வாசலில் காரை நிறுத்தினேன், எஞ்சின் ஆறும்வரை உள்ளே காப்பி. புறப்படும்போது பிரசன்னாவின் அப்பா பாலகிருஷ்ணன் அங்கிள், "பொனெட்ட திறம்மா," என்றார். பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். பார்க்காமல் எந்த வண்டியிலும் ஏறமாட்டார்.

போத்தல் மூடியைத் திருகினார். உள்ளே வெள்ளையாக, தயிராடை மாதிரி.

"ஹெட் கேஸ்கெட் போச்சு. எஞ்சின் ஆயில் தண்ணியோட கலந்துருச்சு. இது மலை ஏறாதும்மா."

என் காதெல்லாம் சூடு. பிரசன்னா போனை எடுத்தான் — டாக்ஸிக்கு. நல்ல நிம்மதி முகத்தில்.

அவன் அம்மா பத்மா அன்ரி குனிந்து முகர்ந்து பார்த்தார். "ஏங்க, இது தேங்கா எண்ணெய். குளிர்ல உறைஞ்சிருக்கு."

அங்கிள் மறுபடி பார்த்தார். "அட ஆமா."

நான் சிரிக்கத் தொடங்கினேன். அன்ரி சிரிக்கவில்லை. போத்தலின் தோளில் சிவப்பாக ஒரு கீற்று. விலைக்குறியின் மிச்சம் என்று நினைத்திருந்தேன். அன்ரி மகனுக்குக் கொடுத்துவிடும் எல்லாவற்றிலும் நெயில் பாலிஷால் 'பி' போடுவாராம். டப்பா, கரண்டி, எல்லாவற்றிலும்.

"உன் எண்ணெய் இவ வீட்டுல என்னடா பண்ணுது?"

'நான் கொடுத்தேன்', 'அவள் கேட்டாள்' — அவன் சொல்ல எத்தனை பதில் இருந்தது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆறு மாசமா அங்கதாம்மா இருக்கு," என்றான். பிறகு, "நானும்."

கோயிலும் இல்லை, சாமியும் இல்லை. ரோட்டோரம்.

அங்கிள் கத்தவில்லை. பொனெட்டை இறக்கினார். "ஏறுங்க. நடை சாத்திருவாங்க." முன் இருக்கையில் உட்கார்ந்து மலை முழுக்க வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் அசையவில்லை.

ஜூன் 15

அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

அன்ரி போனில் கோல் எடுத்தார். "அந்த ஃப்ளாட்ல வெந்நியே சரியா வரல. உன் வீட்டுல ரூம் இருக்காமே?"

"ஓம் அன்ரி. வாங்கோ."

மாலையே அங்கிளும் அன்ரியும் நாலு பெட்டியுடன் வந்துவிட்டார்கள். பிரசன்னா தன் பெட்டியையும் கொண்டு வந்தான். அன்ரி அதை வாசலிலேயே தடுத்தார். "நீ எங்க வர்ற? கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிற வரைக்கும் பிரதீப் வீட்டுலயே இரு."

"அம்மா, இது என் வீடும்மா."

"அப்படியா? எனக்கு நீ சொல்லவே இல்லையே."

அங்கிள் போத்தலைக் கழற்றி, வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு மூன்று தடவை கழுவி மாட்டினார். புதுசு வாங்கவேண்டாமாம்.

ஜூன் 21, சனி

காலையில் பிரசன்னா வந்தான். மணி அடித்தான். அன்ரி திறந்து, உட்காரச் சொல்லி, விருந்தாளிக் கோப்பையில் காப்பி கொடுத்தார். கதிரை நுனியில் உட்கார்ந்து குடித்தான். நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தலைமயிரெல்லாம் படிய வாரி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

"சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டேன்.