அரைக்கட்டை தாழ்வாக

அன்பு மைனிக்கு,

இல்லை, அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால், கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள்.

பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டேன் மைனி. எழுத்தைப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் போனபிறகு ஒரு வருஷத்துக்குமேல் யாரும் மாடி ஏறவில்லை. சாலைக் கடைத்தெருவில் நம் இரும்புக் கடை, அதன் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி, அதற்கு மேலே நாம் பாடி வாசிக்கும் அறை. அண்ணன் வாசிக்கும் டிரம்மின்மேல் சாக்கு கிடந்தது. அண்ணன் கீழே ஆணியும் கீலும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு, மாடிப்படி ஒன்று இருப்பதையே மறந்தவன்போல் நடமாடினான். கிட்டார் பிஜுதான் விடவில்லை. கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வந்து படியில் உட்கார்ந்துகொள்வான். "சேச்சி இருந்தா இப்படி விடுமா அண்ணாச்சி?" என்பான். ஒருநாள் அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பாட ஆள் வேண்டுமே. பிஜு தன் சித்தி மகளைக் கூட்டிவந்தான். ஆனி. காலேஜில் முதல் வருஷம். கறுப்புப் பையில் ஒரு கீபோர்டு, கையில் நாலைந்து சீடி. உங்கள் மைக்கை அவள் எடுத்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். நல்ல பிள்ளை மைனி. மைக்கைத் தொடுமுன் என்னைப் பார்த்து, "எடுக்கட்டே?" என்று கேட்டாள்.

வழக்கம்போல அண்ணன் பெட்டியில் கேசட்டைப் போட்டான். பாட்டை ஓடவிட்டு அதற்குச் சுருதி சேர்ப்பதுதானே நம் முறை. ட்யூனர் ஒன்று வாங்கலாம் என்று பிஜு சொல்லும்போதெல்லாம் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருந்தான். "ஒரிஜினலே ஓடுது, பின்ன எதுக்குடே ட்யூனர்?"

ஆனி கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். பக்கத்துக் கட்டையை அழுத்தினாள். மறுபடி முதல் கட்டை.

"சேட்டா, ஈ பெட்டி மெல்லெயாணு ஓடுந்நது. அரைக்கட்டை தாழே."

மெதுவாக ஓடினால் சுருதியும் இறங்கும் என்பது அவள் கணக்கு. "போடீ," என்றான் பிஜு.

அவள் அதே பாட்டைச் சீடியில் போட்டாள். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், சற்று இளைத்து, நம்மைக் கவனிக்காமல் வேகமாகத் தெருவைக் கடந்து போவதுபோல் இருந்தது. ஆள் அவரேதான். நடைதான் வேறு.

பிஜு தரையில் உட்கார்ந்து சிரித்தான். "எத்தற வருஷமா அண்ணாச்சி! எத்தற கல்யாணத்துக்கு வாசிச்சோம்! ஒரு மனுசனும் எழுந்து கேக்கலியே!"

அண்ணன் சிரிக்கவில்லை. குச்சிகளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். அன்றைக்கு அவ்வளவுதான்.

எல்லாரும் போனபின் என்னிடம் சொன்னான். "கல்ஃப் சாமான்னு எவனோ தலையில கட்டினத வாங்கிட்டு வந்து வச்சு, அவளப் பொய்ச் சுருதியில பாட வச்சிருக்கேன், கேட்டியா? எவ்வளவு நல்லாப் பாடினா. எல்லாம் தப்பா."

"விடு அண்ணா."

"நாளைக்குப் பழைய சாமான் எடுக்க ஆக்ரிக்காரன் வருவான். தூக்கிக் குடுத்துரு."

நான் கொடுக்கவில்லை. உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கும், அதை மாற்றி ஓட்டிக் காட்டினால் அவன் மனசு ஆறும் என்று நினைத்தேன். பெட்டியைக் கவிழ்த்து நாலு திருகையும் கழற்றினேன். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரின் முதுகில், துவரம்பருப்பு அளவில் ஒரு துளை. அதற்குள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்னத் திருகு. துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் நகப்பாலிஷால் இரண்டு சிவப்புக் கோடு. ஒரு கோட்டின் பக்கத்தில் "முன்பு". இன்னொன்றின் பக்கத்தில் "இப்போது".

திருகு "இப்போது"வில் நின்றது.

அந்தக் குண்டு எழுத்தை எனக்குத் தெரியாதா? ஸ்கூல் லேபில் சீசாக்களுக்குப் பேர் எழுதி ஒட்டி ஒட்டி வந்த கை. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அடுக்களை முழுக்க ஒட்டினீர்கள். "உப்பு, கல்." "உப்பு, பொடி." ஃபேன் ரெகுலேட்டரில் "மூன்று போதும்". அண்ணன் மூக்குக்கண்ணாடி வைக்கும் அலமாரித் தட்டில் "இங்கே". அவன் இன்னும் அங்கேதான் வைக்கிறான். அன்று நான் கேலி செய்தபோது என்ன சொன்னீர்கள்? "எத மாத்தினாலும் முன்ன எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைக்கணும் பிள்ளே. பின்னால வாறவங்களுக்குத் தெரியணும்லா."

பின்னால் வந்தவள் நான்தான். தெரிந்துவிட்டது. இனி என்ன செய்ய?

உட்கார்ந்து யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என் பேஸ் கிட்டாரின் கம்பி.

மூன்று வருஷம் முன்பு ஒரு ஞாயிறு. எப்போதும்போல பாட்டைக் கேட்டுச் சுருதி சேர்க்கிறேன். தடித்த கம்பி தொளதொளவென்று ஆகிவிட்டது. விரலை வைத்தால் ஃப்ரெட்டில் இடித்துக் கிர்ரென்கிறது. "அண்ணா, கம்பி ரொம்ப இறங்குது" என்றேன். "பழைய கம்பிட்டி, வயசாயிருக்கும்" என்றான். பிஜுவும் அதையே சொன்னான். நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வாரம் ஒரு பாக்கெட்டை என் மடியில் போட்டீர்கள்.

"இது கனம் கூடின செட்டு மைனி. கடையில மாத்திக் குடுத்திருக்காங்க."

"மாத்திக் குடுக்கல. சும்மா போட்டுப் பாரு."

போட்டேன். கிர்ரென்ற சத்தம் நின்றது. நல்ல கம்பி என்று பாக்கெட்டைப் புகழ்ந்தேன். நாலு கம்பியில் எது எங்கே வரும் என்றுகூடத் தெரியாத உங்களுக்குக் கனத்தைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. வாத்தியக் கடைக்குப் போய் நின்று, "சுருதிய அரைக்கட்டை எறக்கினா எந்தக் கம்பி போடணும்?" என்று கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாத ஒன்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களிடமே கேட்டிருக்கலாமே. "இறக்குங்கள், மேலே எட்டவில்லை" என்று. இறக்கியிருக்க மாட்டோமா?

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தம்பானூர் ஹோட்டலில் நடந்த அந்தக் கல்யாண ரிசப்ஷன். நமக்கு முன்னால் வாசித்த குழு ஒரு பாட்டை இறக்கிப் பாடியது. கைகழுவும் இடத்தில் நின்று அண்ணன் சொன்னான்: "கட்டைய எறக்கிப் பாடினா அதுக்குப் பேரு பாட்டா? ஒரிஜினல் எங்க இருக்கோ அங்க ஏறணும். ஏற முடியலன்னா வீட்டுல இருக்கணும்." நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் விடவில்லை. "ஒங்க கையில இருக்கது ரெண்டு கட்டை, விறகுக்கட்டை. தொண்டைக் கட்டையப் பத்தி நீங்க பேசாதீங்க." எல்லாரும் இன்னும் சிரித்தோம். அன்றும் தண்ணீர் குடித்தீர்கள். பாட்டில் முழுவதும்.

கோயில் பாடகர் குழுவில், மேலே பாடும் சொப்ரானோ வரிசையிலிருந்து கீழே பாடும் ஆல்ட்டோவுக்கு மாறினீர்கள். "அங்க ஆளு கூடிப்போச்சு" என்றீர்கள். எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கழுத்தில் கட்டி வெளியே தெரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று. நான் ஃபிளாஸ்க்கோடு கதவருகில் நின்றேன். டாக்டர் கேட்டார், குரல் எப்போதிலிருந்து மாறியது என்று. அண்ணன் சட்டென்று சொன்னான்: "ஒரு மாசமாத்தான் சார். அதுக்கு முன்ன ஒண்ணுமே இல்ல. நாங்க வாராவாரம் பாடுறோம், எனக்குத் தெரியும்."

நீங்கள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவனை டாக்டர் முன்னால் பொய்யனாக்க வேண்டாம் என்றா? அவன் வெளியே சீட்டு எழுதப் போன பிறகாவது டாக்டரிடம் உண்மையைச் சொன்னீர்களா? ஒரு வருஷம் ஆயிற்று, ஒரு திருகு அளவு ஆயிற்று என்று?

இப்போது என் சங்கடம் புரிகிறதா? சொன்னால் அவன் முதலில் கேட்கப்போவது, "அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியாது. யாருக்குமே தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் அவன் இனி கடை திறக்க வேண்டும். சொல்லாவிட்டால், மட்டமான பெட்டியை வாங்கிவந்து உங்களைத் தப்பாகப் பாடவைத்தவன் தான்தான் என்று நினைத்தே இருப்பான். எது அவனுக்கு இலகு?

அவனைப் பற்றி மட்டும் பேசுகிறேன் பாருங்கள். விஷயம் முதலில் வந்தது என் விரலுக்கு. மற்றவர்கள் காதால் கேட்டார்கள், ஏமாந்தார்கள். என் கையில் கம்பி இறங்கியது. நான் கம்பிக்கு வயசு சொல்லி ஒப்புக்கொண்டேன்.

நடுவில் ஒரு வேலை வந்தது. பிஜுவின் மாமா மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டார். இத்தனை நாள் நான் வாசித்த பேஸ் அவருடையது. திருப்பிக் கேட்கிறார். நியாயம்தானே. நேற்று ஸ்டாச்சுப் பக்கம் அந்த வாத்தியக் கடைக்குப் போனேன்.

இரண்டு பேஸ் எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று நாலு கம்பி, அடக்கமாக, பழுப்பு நிறம். இன்னொன்று ஐந்து கம்பி, அகலமான கழுத்து. ஐந்து கம்பியை மடியில் வைத்ததும் தோள் கீழே போயிற்று.

"பெண்குட்டிக்குக் கனமாயிருக்கும், கேட்டோ."

"இரும்புக் கடை வீட்டுப் பெண்குட்டி. தூக்கும்."

சிரித்தார். பிறகு ஐந்து கம்பியின் வசதியைச் சொன்னார். அடியில் ஒரு கம்பி கூடுதல். பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் சுருதியை மாற்ற வேண்டாம். கம்பியைத் தளர்த்த வேண்டாம். விரலை நகர்த்தினால் போதும். பாடுகிறவர் எங்கே நின்றாலும் அது அங்கே வந்து நிற்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அதைக் கேட்டபோது வாங்கிவிடலாம் என்றே இருந்தது மைனி. ஆனிக்கு மேலே வாசிக்கலாம், உங்களுக்குக் கீழே வாசிக்கலாம். யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லாத வாத்தியம். அப்போதுதான் பயமாக இருந்தது. நம் வீட்டில் அப்படி ஒன்று ஏற்கெனவே மூன்று வருஷமாக இருந்திருக்கிறது.

ஐந்து கம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். நாலு கம்பியை மடியில் வைத்தேன். என் கைக்கு அது சரியாக இருந்தது.

"ஸாதாரண செட் போடட்டே?"

"கனம் கூடினது போடுங்க."

"அதெந்தா? சுருதி எவிடே?"

"அரைக்கட்டை தாழ்வு," என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. அவர் தலையாட்டிவிட்டுக் கழுத்தைச் சரிசெய்ய உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச வருஷம் முன்னால் ஒரு சேச்சி வந்து இதே கம்பி கேட்டாரா என்று கேட்க நினைத்தேன். அவர் திரும்பி வந்தபோது கேட்கவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் சொன்னீர்கள். "நீங்க நீங்கன்னு எதுக்குப் பிள்ளே? மைனியும் நாத்தனாவும் என்ன ஆபீஸா நடத்துதோம்? நீன்னே கூப்பிடு." எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. அப்படிக் கூப்பிட்டிருந்தால், "ஏன் இவ்வளவு தண்ணி குடிக்கிற?" என்று கேட்டிருப்பேனோ என்னவோ. மரியாதையாகப் பேசுகிறவரிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது?

சரி மைனி. கேள். நாளை ஞாயிறு. ஆனியும் பிஜுவும் வருமுன் அண்ணனிடம் சொல்லிவிடுவேன். முதலில் என் கம்பியைச் சொல்வேன், பிறகு உன் திருகை. அவன் உன்னைக் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். உன்னோடு சண்டை போட அவனுக்கும் ஒரு காரணம் வேண்டும். ஒரு வருஷத்துக்குமேல் நீ இல்லாமல் தனியாகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். நீ தப்பாகப் பாடவில்லை என்று மட்டும் அவன் முழுசாகக் கேட்கும்வரை நான் எழுந்து போக மாட்டேன். உனக்கு எட்டிய இடத்துக்கு எங்கள் எல்லாரையும் நீ கூட்டிக்கொண்டு போனாய். நாங்கள் வந்தோம். தெரியாமல் வந்தோம், அவ்வளவுதான்.

உன் நாத்தனா,
உன் பின்னால் இடது பக்கம் நின்றவள்

பி.கு. ஞாயிறு, மத்தியானம். பின்மூடியைக் கழற்றிப் பெட்டியை ஸ்டூலில் வைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன், சொன்ன வரிசையிலேயே. அவன் கீழே இறங்கி வீட்டுக்குப் போய் அலமாரித் தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துவந்து பிளாஸ்திரியைப் படித்தான். "டாக்டர்கிட்ட ஒரு மாசம்னு சொன்னேனே" என்றான். "ஆமா" என்றேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அந்தச் சின்னத் திருகைத் தொடவில்லை. மூடியை வைத்து நாலு திருகையும் முறுக்கிவிட்டு, கேசட்டைப் போட்டான். பாட்டு வந்தது. நான் புது பேஸை மடியில் வைத்து, தடித்த கம்பியிலிருந்து சுருதியை இறக்க ஆரம்பித்தேன்.