நாலு வருஷத்து வட்டி

ஜூலை 28, திங்கள்

விடியற்காலம் தொட்டு மழை. கழக்கூட்டம் சந்திப்பில் முழங்கால் தண்ணீர். மாவு பிசைந்தாயிற்று, பரோட்டா தின்ன ஆள் இல்லை. தோள்பட்டை வலி.

வியாழன் பேங்க். எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், பாஸ்புக், இசக்கியின் மார்க் லிஸ்ட், காலேஜ் ஃபீஸ் தாள், என் போட்டோ.

போட்டோவைப் பார்த்து என் மனைவி பேச்சி: "கடன் கேக்கப் போற மொகமா இது? வசூலுக்குப் போற மொகம்."

மகள் இசக்கிக்குக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ். கம்ப்யூட்டர் படிப்பு, மேனேஜ்மென்ட் சீட்டு. ஹாஸ்டலோடு ஏழு லட்சம். முழுக்கக் கடன்தான். படிப்பு முடிகிறவரை ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று சீட்டு பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். முதலாளி (இனி மு., கை வலிக்கிறது) தரும் அட்வான்ஸ் போலத்தான். சங்கரன்கோவிலிலிருந்து வந்த வருஷம் இருபதாயிரம் வாங்கினேன். வாரம் ஐநூறு பிடித்தார். வட்டி என்று வாயே திறக்கவில்லை. அதில்தான் பேச்சிக்குத் தோடு. அந்தத் தோடு எங்கே போனது என்பது தனிக் கதை. மாவு காய்கிறது.

ஜூலை 30, புதன்

வெயில். மூன்றாம் மேசையில் நாகர்கோவில் பையன்கள் இரண்டு பேர். கழுத்தில் கம்பெனி அட்டை.

"முட்டை ரோஸ்ட் சொல்லட்டாடே?"

"வேண்டாம். சால்னா சும்மாதானே. இன்னைக்கு பேங்குக்காரன் படிப்பு லோனுக்குப் பிடிச்சுட்டான்."

"நீ படிச்சு முடிச்சு மூணு வருசமாச்சே!"

"அசல்ல இன்னும் கை வைக்கவே இல்லடே. எல்லாம் வட்டிக்கே போவுது."

படிக்கும்போதே ஏது வட்டி? கேட்க வாயெடுத்தேன். கல் புகைந்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

மு.விடம் அரை நாள் லீவு. பேங்கில் ஒன்றரை மணி நேரம். பக்கத்தில் ஒரு மீன்கார அம்மா, அவர் மருமகன் கதை முழுக்கச் சொன்னார். பாவம், நல்ல பெண்ணைக் கொடுத்திருக்கிறார்.

லோன் பார்க்கிற மேடம் மலையாளம் கலந்து பேசினார். "அண்ணா, பணம் தர்ற அன்னைக்கே பலிச தொடங்கும்." வட்டியை இங்கே அப்படித்தான் சொல்வது.

"கட்ட வேண்டாம்னுல்ல சொன்னாங்க?"

"இப்போ கட்டண்டா. பக்ஷே பலிச கூடிக்கிட்டே இருக்கும்."

மெஷினில் தட்டிக் காட்டினார். படிப்பும் வேலை தேடுகிற வருஷமும் முடியும்போது வட்டி மட்டும் இரண்டரை லட்சம். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அரசாங்க வட்டிச் சலுகையும் இல்லை. மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினால் ஏறாது. கடைசி வருஷம் அது மாதம் ஆறாயிரம். பேச்சி ஃபிளாட்டுகளில் வீடு துடைத்து வாங்குவது அவ்வளவுதான்.

இந்த வயதில் மு. அட்வான்ஸையும் பேங்கையும் ஒன்றாக நினைத்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில், கூட வந்த இசக்கி: "அப்பா, இங்க கவர்மென்ட் காலேஜ்ல கிடைச்ச சிவில் இன்ஜினியரிங் சீட்டு சனிக்கிழமை வரைக்கும் இருக்கு."

"சிவில் வேண்டாம்னு ரெண்டு நாள் அழுதியே மோளே."

"அழுதேன். வட்டி ஓடும்னு எனக்கும் தெரியாதுல்ல."

கரமனைப் பாலம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கம். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டு.

வீட்டில் பேச்சி: "கொத்தனார் படிப்பா? எங்கண்ணன் அதப் படிக்காமலே செய்யுதான்."

"இனி மாமாவுக்கு நான்தாம்மா கூலி போடுவேன்." சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஏஜென்டுக்கு போன்.

"அண்ணாச்சி, சீட்டை விட்டா நீங்க முன்பணமாக் கட்டுன பத்தாயிரம் திரும்ப வராது."

"வட்டி ஓடும்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

பத்தாயிரம் போகட்டும். எத்தனை பரோட்டா என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

தூறல். இசக்கியைச் சிவிலில் சேர்த்தாயிற்று. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். ஃபீஸுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் கடன், ஒன்றரை லட்சத்துக்குள். மெரிட் சீட்டு, வருமானச் சான்று கொடுத்தால் வட்டிச் சலுகைக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார் மேடம். கிடைக்காவிட்டால் மாதாமாதம் வட்டியை நான் கட்டிவிடுவது. ஊருக்குத் திரும்புவது இன்னும் நாலு வருஷம் தள்ளி.

பேங்கை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். இசக்கி போனை நோண்டினாள். கோயம்புத்தூர் காலேஜ் படங்கள், பத்துப் பதினைந்து. கம்ப்யூட்டர் ரூம், ஹாஸ்டல், வாசலில் ஒரு மரம்.

"அழிச்சிடட்டுமா அப்பா?"

"கெடக்கட்டும் மோளே."

ஒவ்வொன்றாக அழித்தாள். மரத்தை மட்டும் கடைசியாக.